கசிந்த கடவுச்சொல்

அலுவலகக் கணினி நிரல் களஞ்சியத்துக்கு வந்த புதிய காவல் மென்பொருளைக் கோமதி வீட்டிலிருந்தே நிறுவினாள். 'எங்கும் காக்கவும்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு டீ போடப் போனாள். திரும்பி வருவதற்குள், பழைய நிரல் ஒன்றில் பட்டவர்த்தனமாகக் கிடந்த கடவுச்சொல்லை அது கண்டுபிடித்து, உலகத்தின் எந்தத் திரையிலும் அந்தச் சொல் தெரியாதபடி மறைத்துவிட்டது. மகள் பிறந்த வாரத்தில் ஆசையாக வைத்த கடவுச்சொல்: நறுமுகை.

மறுநாள் காலை பள்ளியின் வருகைப் பட்டியலில் மகளின் பெயர் இருந்த இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள். தானியங்கிக் கதவு பிள்ளையை உள்ளே விடவில்லை. கோமதி வாசலில் நின்றபடியே அந்த மென்பொருளின் உதவி மையத்தை அழைத்தாள்.

"லீக் ஆன பாஸ்வேர்ட திரும்ப யூஸ் பண்ண விடாது மேடம். வேற வச்சுக்கங்க."

"ஐயோ, அது என் பொண்ணு பேருங்க!"

"புரியுது மேடம். அதான், வேற வச்சுக்கங்க."

கைபேசித் திரையில், புதுச் சொல் கேட்டு ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது. கோமதியின் விரல் அதன் மேலேயே நின்றது. உள்ளே மணி அடித்தது.

மகள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏதாச்சும் ஒரு பேரு போடும்மா. லேட்டாவுது."