கடலிலிருந்து ஏறிய தடம்

ஒட்டகம் மேய்க்கும் கத்ரி நுவாக்சோட் நகரத்துக்கு வந்ததே கடலைப் பார்க்கத்தான். தங்கை ஐஷத்துவின் கணவன் டெத்தாஹி அவனை மீன்படகுத் துறைக்குக் கூட்டிப்போனான்.

கத்ரி கடலைப் பார்க்கவில்லை, மணலைப் பார்த்தான். பாலைவனத்தில் தடத்தைப் பார்த்தே போனது யார், யார் வீட்டு ஒட்டகம் என்று சொல்லிவிடுகிறவன். பழக்கம் விடுமா?

"மச்சான், இது என் காலுத் தடம்."

"வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா? நீ இப்பத்தானே கடற்கரைக்கே வந்தே!"

இடது குதிகாலில் அதே வெடிப்பு. வலது பாதத்தில் அதே போல் சுண்டுவிரல் இல்லை. தடம் தண்ணீரிலிருந்து ஏறி ஊரைப் பார்த்துப் போயிருந்தது. கத்ரிக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தடத்தின் பின்னாலேயே நடந்தான்; டெத்தாஹியும் கூட வந்தான். மணல் தெருக்களில் வளைந்து வளைந்து போன தடம் டெத்தாஹியின் வீட்டுக்குள் நுழைந்தது.

தேநீர்க் கெண்டியோடு உட்கார்ந்திருந்த ஐஷத்து முறைத்தாள்.

"என்னண்ணே, மூணு கிளாஸ் டீ குடிச்சுட்டு எந்திரிக்கிறதுதானே முறை, மூணாவது கிளாஸ் குடிக்காம எந்திரிச்சுப் போனா என்ன அர்த்தம்? எம்மேல அப்படி என்ன கோவம்?"

"நான் எங்க போனேன்?"

"ஊருக்குத்தான். பொண்டாட்டி காத்திருப்பா, ஒட்டகமெல்லாம் தேடும்னு நீதானே சொன்னே!"

மூன்றாவது கிளாஸில் நுரை இன்னும் அடங்கவில்லை.

கத்ரி தெருவுக்கு ஓடினான். தடம் கிழக்கே, பாலைவனத்தை நோக்கிப் போயிருந்தது. வீடு சேர அவசரப்படுகிறவன் எட்டி வைத்த காலடிகள்.

டெத்தாஹியைக் கூப்பிடத் திரும்பினான். வாசலிலிருந்து தான் இப்போது ஓடிவந்த மணலில் புதுத் தடம் ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை.