கறுப்புத் தோகை மயில்

“செத்தவன் போஸ்டர வெட்டியாடி என் பொண்ணு நிச்சயத்துக்கு மயிலு சுத்தி வெச்ச?”

விழுப்புரத்தில் எங்கள் தெருத் தைலம்மாளின் குரலுக்கு என்றைக்கும் மைக் தேவைப்பட்டதில்லை. அன்று அது ரயில்வே கேட் வரைக்கும் போனது. அவள் கையில் மரச்சட்டம் போட்ட காகித மயில். எதிரே, தன் வீட்டு வாசற்படியில் தமிழ்ச்செல்வி.

தமிழ்ச்செல்வி எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தவள். காகிதத்தை நாடா நாடாவாக வெட்டி, ஊசியில் சுருட்டி, விளிம்பு தெரிய நிமிர்த்தி ஒட்டிப் படம் செய்கிற குவில்லிங்தான் பிழைப்பு. கடையில் விற்கும் கலர் நாடா அவளுக்குப் போதாது. பூண்டுத் தோல், சிமெண்டு மூட்டைக் காகிதம், மாத்திரை அட்டையின் ஜிகினா என்று எதையாவது சுருட்டிப் பார்ப்பாள். அவள் தலை தெரிந்தால் நாங்கள் சுவரிலிருக்கும் காலண்டரைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவோம்.

அன்று தைலம்மாளின் மகள் அஸ்வினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை செல்வகுமார், அஸ்வினியின் அப்பா மாயவனுக்கு அக்கா மகன். அவனை ஒயின்ஷாப் வாசலிலிருந்து தெருவே தூக்கி வந்த கதைகள் உண்டு. ஆனாலும் அக்கா முனியம்மாள் முறை பேசிக் கேட்டால் மாயவன் மறுக்க மாட்டார். ஊரையே கிழிக்கும் தைலம்மாளும் நாத்தனார் முன்னால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். பெண் ஒரு வாரமாகச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று கேள்வி.

தட்டு மாற்றப் போகிற நேரத்தில்தான், தமிழ்ச்செல்வி அலங்காரத்துக்குச் செய்து கொடுத்திருந்த மயிலைத் தைலம்மாள் தூக்கிப் பார்த்து, வாசலுக்கு வந்து கத்தினாள். நாங்களும் எட்டிப் பார்த்தோம். தோகை முழுக்க விளக்குமாற்றுக் குச்சி அகலத்தில் கறுப்புச் சுருள்கள். ஓர் எழுத்துகூட முழுசாக இல்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த அரிசி மண்டி கோதண்டபாணியின் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் என்று தைலம்மாள் சொன்ன பிறகுதான் எங்களுக்கே விளங்கியது.

“இந்தக் கறுப்பு கடையில கெடைக்காதுக்கா, அதான்” என்றாள் தமிழ்ச்செல்வி, கொஞ்சமும் கூசாமல்.

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். தைலம்மாள் மூடவில்லை. தமிழ்ச்செல்வியின் ஊசி, அவள் பசை, அவளைப் பெற்ற அம்மா, அவள் பிறந்த திண்டிவனம் என்று ஒன்றையும் விடவில்லை. கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்ன மாயவனுக்கும் விழுந்தது.

முனியம்மாள் பூனை குறுக்கே போனால் வந்து நிற்கிற பஸ்ஸையே விட்டுவிடுகிறவள். தட்டிலிருந்த புடவையை எடுத்துத் தன் பையில் போட்டாள். “எழவுக் காயிதம் ஏறின எடத்துல என் புள்ளைக்குப் பொண்ணு வாணாம்டா” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நடந்தாள். செல்வகுமாரும் பின்னாலேயே போனான். அன்றைக்கு நேராகத்தான் நடந்தான், இல்லையென்று சொல்லக் கூடாது.

அந்த மாதமே வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வியைக் காலி செய்யச் சொன்னார். சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்தில் தம்பி ரஞ்சித் வீட்டோடு போய்விட்டாள். இந்த இரண்டு குடும்பத்துக்கும் இனி ஜென்மத்துக்கும் பேச்சிருக்காது என்று நாங்களே முடிவு கட்டினோம்.

தையில் பத்திரிகை வந்தது. அஸ்வினிக்கும் ரஞ்சித்துக்கும் திண்டிவனத்தில் கல்யாணம். நிச்சயம் நின்றுபோன பெண்ணை வேறு யாரும் கேட்டு வராததால் மாயவன் இறங்கி வந்தார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். மணமேடையில் பெண் வாயெல்லாம் பல்லாக இருந்தது. தைலம்மாளும் தமிழ்ச்செல்வியும் மட்டும் ஆளுக்கொரு மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

பந்தி முடிந்து கை கழுவப் போனோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தமிழ்ச்செல்வி தைலம்மாளை மடக்கி நிறுத்தியிருந்தாள். மூஞ்சியில் இன்னும் கோபம்.

“போஸ்டர கிழிச்சுக்கினு வந்து குடுத்ததே நீ, அப்புறம் எங்கம்மாவ எதுக்குக்கா இழுத்துத் திட்டின?”