கைராசி

“சாயங்காலத்துக்குள்ள இந்தச் செயின் கப்பலுக்குப் போயாகணும். எங்கேயோ ஒரு மெஷின் ரெண்டு மாசமா நகர முடியாமப் படுத்துக் கிடக்குதாம்,” என்றார் முதலாளி.

“எந்த ஊருக்குப் போகுது முதலாளி?” என்று கேட்டான், பட்டறையில் அதைச் செய்துகொண்டிருந்தவன்.

“வாங்குறவன் வெளிநாட்டு ஏஜென்ட். அவன் யார் தலையில கட்டினா நமக்கென்னடா?”

புல்டோசரின் அடியில் சக்கரத்தைச் சுற்றி ஓடும் இரும்புச் செயின் அது. கடைசிக் கண்ணியைப் பூட்டி மஞ்சள் பெயின்ட் அடித்தபோது, ஈரத்தில் அவனுடைய கட்டைவிரல் பதிந்துவிட்டது. அழிக்கப் போனான்.

“விடுடா, உன் கைராசி அதுலயும் இருக்கட்டும். மெஷின் குதிரை மாதிரி ஓடும்!”

சில வாரம் கழித்து மனைவி போன் செய்தாள். “உடனே வாங்க!” என்று அழுதாள். அவன் வீட்டுக்கு ஓடினான்.

வீட்டுக்கு முன்சுவர் இல்லை. அடுப்பும் கட்டிலும் தெருவுக்குத் தெரிந்தன. இடிபாட்டின் மேல் புல்டோசர் நின்றது.

“ரோட்டை அகலப்படுத்த வந்த சனியன், செயின் அறுந்து தெருமுனையில கிடக்குதேன்னு எவ்வளவு நிம்மதியா இருந்தோம்! நாளைக்குக் கோர்ட்டுல தடை வாங்கியிருப்போமேங்க!” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

டிரைவர் பெருமையாகச் சொன்னான்: “ஃபாரின் செயின் வரவழைச்சு மாட்டியிருக்காங்க. இப்பக் குதிரைதான்!”

அவன் குனிந்து செயினைப் பார்த்தான். ஒரு கண்ணியில், மஞ்சள் பெயின்டில், ஒரு கட்டைவிரல் ரேகை.

“இந்தச் செயினைச் செஞ்சவன் கை விளங்காமப் போக!” என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு, மனைவி அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.