கட்டி எரியுமா?

இயற்கை எரிவாயுவைத் தண்ணீரோடு சேர்த்து உறையவைத்து வெள்ளைக் கட்டியாக்க ஆய்வாளர் செம்மொழிக்குத் தெரியும். தீக்குச்சி காட்டினால் கட்டி எரியும். ஆனால் தஞ்சாவூர் ஆய்வகத்தில் எரிகிற கட்டி, எவ்வளவு கடுங்குளிரில் வைத்து எடுத்துப்போனாலும் வழியிலேயே வாயுவை விட்டுவிடுகிறது. ஏனென்று புரியவில்லை.

இன்று மயிலாடுதுறையில் அதிகாரிகள் முன்னால் எரியாவிட்டால் ஆய்வையே மூடிவிடுவார்கள்.

குத்தாலத்தில் அறுவடை மெஷின் ஒன்று சாலையை மறித்து நின்றது. தன் கடை வேனை ஓட்டிய கணவன் அறிவுச்செல்வனைச் செம்மொழி நச்சரித்தாள்.

“என்னங்க, டிரை ஐஸ் நிறைய போட்டீங்கதானே? மைனஸ் அம்பது இருக்குமா? நான் பார்த்துட்டு வரட்டுமா?”

“குளிராத்தான் இருக்கு. நீ திறந்து திறந்து பார்த்தா அதுவும் போயிடும். சும்மா வாம்மா.”

போய்ச் சேர்ந்ததும் அவனே ஒரு கட்டியை எடுத்துவந்து தட்டில் வைத்தான். அவள் தீக்குச்சி காட்டினாள். குப்பென்று பற்றி நின்று எரிந்தது.

மிச்சக் கட்டிகளை எடுக்க வேனுக்கு ஓடியவள் திகைத்தாள். உள்ளே இருந்தது அவன் கடை ஐஸ்கிரீம் பெட்டி.

“டிரை ஐஸ் கிடைக்கலம்மா. சொன்னா வழியெல்லாம் அழுவே. அதான் மைனஸ் பதினஞ்சுல, பட்டர்ஸ்காட்சுக்குப் பக்கத்துல வச்சுட்டேன்.”

திட்ட வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மிதமான குளிரில் கட்டியின் மேற்பரப்பு சிதைந்து, அதன் நீர் கெட்டியான பனித்தோலாகி உள்ளே வாயுவை மூடிக்கொள்கிறது. கடுங்குளிரில் அந்தத் தோல் ஓட்டை ஓட்டையாகவே நின்று வாயுவை வெளியே விட்டுவிடுகிறது.

“என்னங்க, இனிமே டிரை ஐஸே வேணாம். உங்க ஐஸ்கிரீம் பெட்டி போதும்.”