ஒரு மாத வெள்ளோட்டம்

வேலைக்கு எடுக்குமுன் நகலை வைத்துப் பார்ப்பதுதான் இப்போது வழக்கம். ஜெசிந்தாவைப் போலவே பேசும் கணினி நகல், அவள் விண்ணப்பித்திருந்த இரண்டு இடங்களிலும் ஒரு மாதம் வேலை பார்த்திருந்தது. இன்று மதிப்பெண்ணும், இரண்டு இடத்திலிருந்தும் வேலைக்கான அழைப்பும் வந்தன.

கிளினிக் வரவேற்பு மேசையில் நூற்றுக்கு நூறு. பள்ளியில் உதவி ஆசிரியையாக முப்பத்தொன்றுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாந்தியெடுத்தபோது, நகல் திரையிலிருந்து "அழாதம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம்.

"கிளினிக்குக்கே போயிரு. அங்க ஒரு கொறையும் சொல்லல," என்றான் கணவன் ரெக்ஸ்லின்.

"கொறையில்லாம அதுவே பாத்துட்டா நான் எதுக்கு? நாலு மாசத்துல வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பள்ளிக்கூடத்துலன்னா அந்தப் பிள்ளைய தூக்க ஆள் வேணும்லா."

பள்ளிக்குச் சம்மதம் அனுப்பினாள். மறுநாள் காலை கிளம்பும்போது, கைப்பையில் ஒரு பழைய துண்டையும் மடித்து வைத்துக்கொண்டாள்.