பாட்டிலோடு வந்தவர்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது என் சின்ன மருமகள். போன ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. அவள் விளையாட்டு டீச்சர். இது நடந்த அன்றைக்கு மைதானத்தில் ஓடுகிற பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை அவளுக்கு.

பெண்களுக்கான கடைசிச் சுற்று ஓட்டம். முதலில் வருகிறவளுக்குத் தேசிய அணியில் இடம்.

ஓட்டம் தொடங்குவதற்கு முன்னால், பெற்றோர் சங்கத் தலைவரான ஜவுளிக்கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடுவதாக இல்லை.

"ஊசியும் மருந்தும் ஏத்திக்கிட்டு ஓடுறது ஒரு ஓட்டமா? அது திருட்டு. அப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பெத்தவங்க வெளியில தலை காட்டக் கூடாது."

பெற்றோர் எல்லாரும் கை வலிக்கத் தட்டினார்கள். கோட்டருகே நின்ற அவர் மகள் மட்டும், போதும் இறங்குங்கள் என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் ஜெயிக்கப் போகிறாள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண்ணும் ஓர் ஆளும் இறங்கினார்கள். கையில் உறை மாட்டியிருந்தார்கள். பெட்டி நிறையச் சின்னச் சின்ன பாட்டில்.

"வந்துட்டாங்கய்யா, மருந்துச் சோதனை," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "மாட்டினா வருஷக்கணக்குல ஓட முடியாது."

தட்டின கைகள் அப்படியே நின்றன.

ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இன்னொருத்தியின் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். அதைச் சொன்னதே அந்த மாமாதான். மூன்றாமவள் கழிவறைக்குப் போகிறேன் என்று போய், பின்சுவர் ஏறிக் குதித்தாள். உயரம் தாண்டுவதில் சேர்த்திருந்தால் இவளுக்கே மெடல் என்றாள் மருமகள்.

ஜவுளிக்கடைக்காரர் மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டு மகளிடம் ஓடினார்.

"பையை எடும்மா, வீட்டுக்குப் போலாம். உனக்குக் காய்ச்சல்."

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையேப்பா."

"இப்ப இல்லைன்னா என்ன, சாயங்காலம் வரும்."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசலில் நின்ற கார்வரை கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அப்பா, இதுக்குத்தானே இருட்டோட எழுந்து எழுந்து ஓடினேன். அவங்க சோதிச்சா சோதிச்சுட்டுப் போகட்டும். நான் என்னத்தைத் தின்னேன்? நீங்க குடுத்த சத்து மாத்திரைதானே?"

"மெல்லப் பேசும்மா."

அவள் நின்றுவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். சாவி கையிலேயே இருந்தது.

"அது சத்து மாத்திரைதானேப்பா?"

"முதல்ல கார்ல ஏறு. கடைத்தெருவுல நான் நாலு பேரு முன்னால நடமாட வேணாமா?"

அதற்குள் வெள்ளைக் கோட்டுப் பெண் அவர்களிடமே வந்துவிட்டாள்.

"சார், இங்க குடிதண்ணிக் குழாய் எந்தப் பக்கம்? தண்ணி நாறுதுன்னு புகார் வந்திருக்கு. பாட்டில்ல பிடிச்சுட்டுப் போய்ச் சோதிக்கணும்."

"தண்ணியா?" அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தண்ணி மட்டும்தானே?"

"வேற என்ன சார்?"

செய்தி மைதானம் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பிடித்துக்கொண்ட கெண்டைக்கால் விட்டுவிட்டது. மாமா குணமானார். சுவர் ஏறிக் குதித்தவள் அதே சுவர் ஏறித் திரும்பி வந்தாள்.

மருமகள் மைக்கில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"போம்மா, போய் ஓடு. உன் பேரைத்தான் கூப்பிடுறாங்க. காய்ச்சலும் இல்லை ஒண்ணும் இல்லை."

அவள் போகவில்லை. பையைத் திறந்து மாத்திரை டப்பாவை வெளியே எடுத்தாள். வெள்ளைக் கோட்டுப் பெண்ணிடம் நீட்டினாள்.

"அக்கா, தண்ணியோட சேர்த்து இதையும் கொஞ்சம் சோதிச்சுச் சொல்றீங்களா?"