ஓக் மரத்துக்கு ஓர் உறவு

ருமேனியாவில் காட்டைப் 'பதூரே' என்பார்கள். அப்படி ஒரு காட்டில் ஓக் மரம் ஒன்றுக்கு ரொம்பக் கெத்து. பறவைகள் கால் சேற்றைப் புல்லில் துடைத்துவிட்டுத்தான் அதன் கிளையில் உட்கார வேண்டும்.

ஒரு வசந்தத்தில் இத்தாலியிலிருந்து நாரை ஒன்று வந்தது. காலைத் துடைத்துக்கொண்டே, "பெரியவரே, எங்கள் பக்கம் 'பதூலே' என்று ஓர் இடம் உண்டு. முழங்கால் தண்ணீர், நாணல், தவளைச் சத்தம். சதுப்பு நிலம்தான். லத்தீனில் சதுப்பைச் சொல்லும் ஒரே சொல்லுக்குத்தான் உங்கள் 'பதூரே', எங்கள் 'பதூலே' இரண்டும் பிள்ளைகளாம்" என்றது.

"சேற்றுக்கும் எனக்கும் உறவா? போம்மா, போய் வேலையைப் பார்!" என்று மரம் சீறியது.

நாரை அதோடு விட்டுவிட்டது. மரத்துக்குத்தான் கோடை முழுக்க நிம்மதியில்லை. மத்தியான வெயிலில் அதன் அடிவேர் என்றைக்குமே எதற்கோ ஏங்கும். எதற்கென்று அது யோசித்ததே இல்லை. இப்போதோ, அங்கே இல்லாத தவளைகளின் சத்தமெல்லாம் அதற்குக் கேட்டது.

இலையுதிர்காலத்தில் நாரை ஊருக்குப் புறப்பட்டது. பக்கத்து மரங்களுக்குக் கேட்காதபடி ஓக் மரம் மெல்லக் கூப்பிட்டது.

"ஏம்மா, அடுத்த வருஷம் வரும்போது காலைத் துடைக்காமலே வந்து உட்கார்."